பெற்றோரின் ஆஸ்துமா புரிதலை அளப்பது எப்படி? கேள்வி பதில்

(பதில் சொல்பவர்: குழந்தைகள் ஆஸ்துமா பயிற்சி தரும் செவிலியர்)

நர்சிங் மாணவி: மேடம், ஆய்வுக்கு எந்த வினாத்தாள் எடுக்கலாம்?

நியூகாசில் ஆஸ்துமா அறிவு வினாத்தாள். 1990-ல் ஆஸ்திரேலியாவில் வந்தது. மொத்தம் 31 கேள்விகள்; 25-க்குச் சரியா தவறா என்று டிக் அடித்தால் போதும், மீதி 6-க்குப் பெற்றோரே எழுத வேண்டும். படிக்காமல் டிக் அடித்தாலும் 25-ல் பன்னிரண்டோ பதிமூன்றோ விழுந்துவிடும். அதனால் அந்த 6-ஐத் தனியாகப் பாருங்கள். மருந்து பற்றிய விடைகளை இன்றைய சிகிச்சை முறையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே பயன்படுத்துங்கள்.

ஒரு அம்மா: குழந்தைகள் ஆஸ்துமா கட்டுப்பாட்டுத் தேர்வில் 22 வந்தது. எனக்கு நன்றாகப் புரிந்திருக்கிறது என்று அர்த்தமா?

இல்லைங்க. அது நோய் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று பார்ப்பது. 4 முதல் 11 வயது வரைக்கும் உரியது. 4 கேள்வி குழந்தைக்கு, 3 உங்களுக்கு, மொத்த மதிப்பெண் 27. 19-ம் அதற்குக் கீழும் வந்தால் நோய் கட்டுப்பாட்டில் இல்லை. புரிதல் வேறு, கட்டுப்பாடு வேறு. இரண்டையும் குழப்பாதீர்கள்.

ஓ.பி. செவிலியர்: ஐந்து நிமிடத்தில் எப்படித் தெரிந்துகொள்வது?

"புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். இன்ஹேலரையும் ஸ்பேசரையும் (இன்ஹேலரோடு பொருத்தும், மாஸ்க் வைத்த குழாய்) கையில் கொடுத்து, "வீட்டில் கொடுப்பது போலவே செய்து காட்டுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் பாருங்கள். குலுக்குகிறார்களா? மாஸ்க் மூக்குத்தண்டிலும் கன்னத்திலும் இடைவெளி இல்லாமல் படிகிறதா? ஒரு பஃப் அடித்து, குழந்தை ஐந்தாறு முறை மூச்சு விடும்வரை மாஸ்க்கை எடுக்காமல் இருக்கிறார்களா? இரண்டாவதுக்கு முன் மறுபடி குலுக்குகிறார்களா? இரண்டு பஃப்பைச் சேர்த்து அடித்தால் மருந்து ஸ்பேசர் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் ஸ்பேசரைக் கழுவித் துணியால் துடைத்தாலும் நிலைமின் ஏறி அதேதான் நடக்கும். தானாக உலர விட வேண்டும்.

பிறகு மூச்சு வாங்கும்போது தரும் நிவாரண மருந்து, தினமும் தரும் தடுப்பு மருந்து இரண்டையும் மேசைமேல் வையுங்கள். "நடுராத்திரி மூச்சு வாங்கினால் எது? நன்றாக விளையாடுகிற நாளில் எது?" இரண்டாவது கேள்வியில்தான் பலர் நிற்பார்கள். நிறத்தைச் சொல்லிக் கேட்காதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

கடைசியாக, தடுப்பு மருந்தில் மீதி டோஸைக் காட்டும் எண்ணைப் பாருங்கள். 200 டோஸ் இன்ஹேலர், காலை 2, இரவு 2 என்றால் 30 நாளில் ஏறக்குறைய 80 மிஞ்ச வேண்டும். 150 மிஞ்சினால் பாதிகூடப் போகவில்லை. அதட்டாமல் காரணம் கேளுங்கள்.

ஒரு அப்பா: பையனுக்கு அந்தக் கட்டுப்பாட்டுத் தேர்வில் 18 வந்திருக்கிறது. எங்களுக்குப் புரிதல் குறைவா?

மேலே சொன்னதுதான். அது புரிதலின் ஸ்கோர் அல்ல. மருத்துவரிடம் காட்டுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்: வினாத்தாளில் வீசிங்குக்கு 'இழுப்பு' என்று போடலாமா?

வேண்டாம். பலருக்கு இழுப்பு என்றால் வலிப்பு.

ஒரு பாட்டி: எங்களுக்கு இழுப்பு என்றால்தான்மா புரியும். வீசிங் எல்லாம் நேற்று வந்த வார்த்தை.

உண்மைதாம்மா. ஆனால் பக்கத்து வீட்டில் அதே சொல்லுக்கு வேறு நோய் என்றால் பதிலை நம்ப முடியாது.

ஓ.பி. செவிலியர்: வீசிங் மட்டும் ஒழுங்கா? தொண்டையில் சளி கரகரப்பதையும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அதனால்தான் இரண்டு சொல்லையும் நம்பாமல் சத்தத்தை விவரியுங்கள்: "மூச்சை வெளியே விடும்போது நெஞ்சிலிருந்து விசில் போல". வீடியோ போட்டுக் காட்டினால் இன்னும் நல்லது. இதைவிடப் பெரிய சிக்கல் 'ஆஸ்துமா' என்ற சொல். "வெறும் வீசிங்தான்" என்று கேட்டுப் பழகியவர்கள், 'உங்கள் குழந்தையின் ஆஸ்துமா' என்று தொடங்கும் கேள்வியைத் தங்களுக்கு இல்லை என்று தாண்டிவிடுவார்கள். அச்சடிக்கும் முன் பத்துப் பெற்றோரிடம் வாசித்து, "இதில் என்ன கேட்கிறார்கள்?" என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

நர்சிங் மாணவி: வகுப்பு முடிந்ததும் அன்றே மறுதேர்வு வைக்கலாமா?

அது ஞாபகத்தைத்தான் அளக்கும். சில வாரம் கழித்து, செய்முறையோடு சேர்த்து வையுங்கள்.

ஒரு அம்மா: இப்போது விலா உள்ளே ஒடுங்குகிறது, பேச முடியவில்லை. எந்த வினாத்தாள்...

உடனே நிவாரண இன்ஹேலரை ஸ்பேசரில் கொடுத்தபடியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.