தருமபுரி மாவட்டம்: வரலாறும் மக்கள்தொகையும் – கேள்வி பதில்

மாவட்ட மக்கள்தொகை 2001இல் 28 லட்சம், 2011இல் 15 லட்சம். பாதிப்பேர் பிழைப்புக்காகப் பெங்களூருக்குப் போய்விட்டார்களா?

இல்லை. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2001இல் எண்ணப்பட்ட 28,56,300 பேரில் 15,61,118 பேர் வாழ்ந்த பகுதி கிருஷ்ணகிரிக்குச் சென்றது. எஞ்சிய பகுதியின் 12,95,182 பேர் 2011இல் 15,06,843 ஆயினர். அதாவது, குறைந்ததாகத் தோன்றும் அந்தப் பத்தாண்டில் மக்கள்தொகை 16 விழுக்காடு கூடியிருக்கிறது. எண்ணை ஒப்பிடுமுன் எல்லையை ஒப்பிடுங்கள்.

இப்பகுதியில் மக்கள்தொகை மெய்யாகவே சரிந்த காலம் உண்டா?

உண்டு. தாது வருடப் பஞ்சத்தின்போது (1876–78) சரிந்தது. 1871இல் ஏறத்தாழ 19.7 லட்சமாக இருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை, 1881இல் 16 லட்சமானது. ஆனால் அன்றைய சேலம் மாவட்டத்தில் தருமபுரியோடு திருப்பத்தூரும் நாமக்கல்லும் அடக்கம் என்பதால், இந்தச் சரிவைத் தருமபுரியின் கணக்கில் மட்டும் எழுதிவிடக் கூடாது. மறுபடியும் எல்லைதான்.

அதியமான் வெறும் நெல்லிக்கனிக் கதையின் நாயகன்தானே?

அல்லன். தகடூரை (இன்றைய தருமபுரியை) ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்குக் கல்லில் சான்று உண்டு. திருக்கோவலூருக்கு அருகில் உள்ள ஜம்பையில், மலைக்குகை ஒன்றில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு ஒரே வரிதான்: ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி’. பாளி என்பது துறவியர் தங்கும் குகை. அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளை சோழ பாண்டியரோடு சேர்த்துச் சொல்லும் ‘சதியபுத’ யார் என்ற நெடுங்கால வழக்கு, முதற்சொல்லாகிய ‘ஸதியபுதோ’வைக் கண்டதும் ஏறக்குறைய முடிந்தது.

ஜம்பை தருமபுரியில் இல்லையே! அந்தக் கல்வெட்டை எப்படிச் சான்றாக்குகிறீர்கள்?

நல்ல மறுப்பு. ஆனால் அஞ்சி கோவலூரை (திருக்கோவலூரை) வென்றதைப் புறநானூற்றின் 99ஆம் பாடலில் ஔவையார் பாடுகிறார். அந்தக் கோவலூருக்கு அருகிலேயே அவன் பெயர் பொறித்த குகை கிடைத்திருக்கிறது. பாட்டும் கல்லும் ஓரிடத்தில் சந்திக்கும்போது, கல் இன்றைய எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பது சான்றின் வலுவைக் குறைக்காது. 1965 அக்டோபரில் சேலத்திலிருந்து தருமபுரியைப் பிரித்து வரைந்த எல்லை அஞ்சியைக் கட்டுப்படுத்தாது.

அப்படியானால் ஜம்பை வரை தகடூர் நாடு என்று எழுதலாமா?

கூடாது. வென்றான், கொடையளித்தான் என்பது வரை எழுதலாம். ஒரு குகைக் கல்வெட்டைக் கொண்டு நாட்டின் படம் வரைய முடியாது.

தாமஸ் மன்றோவுக்கும் தருமபுரிக்கும் என்ன தொடர்பு?

1792இல் திப்பு ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்த பாராமகாலில் (தருமபுரி, கிருஷ்ணகிரி உள்ளிட்ட பகுதி), கேப்டன் ரீடின் உதவியாளராக 1799 வரை வரி நிர்வாகம் பார்த்தார். பின்னாளில் அவர் வேரூன்றச் செய்த ரயத்துவாரி முறைக்கு (உழவரிடமே நேரடியாக நிலவரி வாங்கும் முறை) இங்கேதான் பயிற்சி பெற்றார்.

2021 மக்கள்தொகை எவ்வளவு?

அவ்வாண்டில் கணக்கெடுப்பு நடைபெறவில்லை. இணையத்தில் உலவுபவை மதிப்பீடுகள்.

ஒகேனக்கல்லில் பரிசல் எந்த மாதம் ஓடும்?

சுற்றுலாத் துறையினரைக் கேளுங்கள்.

மக்கள்தொகை பாதியாகக் குறைந்ததற்கு வறட்சி காரணமா?

முதற்பதிலைப் படியுங்கள்.