சண்டையில் உடம்பு என்ன செய்கிறது? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மேற்கு மாம்பலத்தில் பதினெட்டு வருடமாகக் குடும்ப ஆலோசகராக இருக்கிறேன். பேச்சு, கோபம், உடல்மொழி, நரம்பு மண்டலம் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறைய வந்துவிட்டது. முடிந்தவரை எழுதுகிறேன்.

சோழிங்கநல்லூரிலிருந்து, கல்யாணமாகி இரண்டு வருடம்: அக்கா, சண்டை வந்தால் இவர் முகம் கல் மாதிரி ஆகிவிடும். ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். நான் பின்னாலேயே போய் "பதில் சொல்லு" என்று கேட்பேன். என்னை மதிக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

அப்படித்தான் தோன்றும், ஆனால் அந்தக் கல் முகத்துக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். விவரங்களை மாற்றி ஒன்று சொல்கிறேன். என் எதிரில் ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். மனைவி அழுதுகொண்டே பேசுகிறார், கணவர் அசையவே இல்லை, மோதிரத்தை மட்டும் கட்டைவிரலால் சுற்றிக்கொண்டே இருக்கிறார். கழுத்தோரம் துடிப்பது மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே தெரிந்தது. கொரோனா நேரத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் டிராயரில் கிடந்தது, எடுத்து அவர் விரலில் மாட்டினேன். நாடித் துடிப்பு 112. ஃபேனுக்குக் கீழே, நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு! அந்த எண்ணைப் பார்த்ததும் அந்தப் பெண் பேச்சை நிறுத்திவிட்டு, "உனக்கு இப்படி ஆகுதுன்னு ஏன் சொல்லவே இல்ல?" என்றார். அவருக்கே அது தெரியாது என்பதுதான் உண்மை.

ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் தம்பதிகளை ஆய்வுக்கூடத்தில் உட்காரவைத்து, அவர்கள் வாக்குவாதம் செய்யும்போதே இதயத் துடிப்பையும் அளந்து பார்த்தவர். துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிராளி சொல்வது காதில் விழுந்தாலும் மனதில் ஏறாது, அந்த நேரத்தில் பேச்சை நிறுத்திக் குறைந்தது 20 நிமிடம் விட வேண்டும் என்பது அவர் சொல்வது. ரத்தத்தில் இறங்கிய அட்ரினலின் என்ற பதற்ற ஹார்மோன் வடிய அந்த அவகாசம் வேண்டும்.

ஆனால் உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. சொல்லாமல் எழுந்து போவது, பின்னால் நிற்பவருக்குக் கைவிட்டது மாதிரிதான். அவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: "எட்டரைக்கு வர்றேன், அப்ப பேசலாம்" என்று நேரம் சொல்லிவிட்டுப் போகட்டும், சொன்ன நேரத்துக்கு வரட்டும். நீங்கள் பால்கனிக் கதவு வரை போகாதீர்கள். அந்த 20 நிமிடமும் "அவ இப்படிச் சொன்னாளே" என்று மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தால் துடிப்பு இறங்காது, அதையும் அவரிடம் சொல்லுங்கள். துணி மடிக்கட்டும், செடிக்குத் தண்ணீர் ஊற்றட்டும்.

கிண்டி, வேலை தேடுபவர்: பேச்சில் 93 சதவீதம் உடல்மொழியும் குரலும், வார்த்தை வெறும் 7 சதவீதம் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். உண்மையா மேடம்?

இல்லை தம்பி. ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967-ல் செய்த இரண்டு சிறிய சோதனைகளைச் சேர்த்து வந்த கணக்கு அது. ஒருவர் சொல்லும் ஒற்றைச் சொல்லும் அவர் குரலும் முகமும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால், அவருக்கு நம்மைப் பிடிக்கிறதா இல்லையா என்பதை எதை வைத்து முடிவு செய்கிறோம் என்பது மட்டும்தான் அதில் பார்த்தது. எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். தெரியாத மொழியில் ஒரு செய்தி பாருங்கள், 93 சதவீதம் புரிகிறதா என்று. இன்டர்வியூவுக்கு என்ன சொல்லப் போகிறோம் என்பதைத் தயார் செய்துவிட்டுப் போங்கள்.

திருநெல்வேலியிலிருந்து வந்து பெருங்குடியில் வேலை: கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன், தன்னம்பிக்கை இல்லை என்று மேனேஜர் மதிப்பீட்டில் எழுதிவிட்டார்.

இதைப் படித்ததும் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. நம் ஊரில் பெரியவர் முன்னால் கை கட்டி நிற்பது மரியாதை. வாத்தியார் பேசும்போது கண்ணைத் தாழ்த்துவதும் அப்படித்தான். "கையைக் கட்டினால் மனதை மூடிவிட்டார்" என்பது வேறொரு நாட்டுப் பழக்கத்தை வைத்து எழுதிய பாடம், அதை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒரு பிள்ளையின் சம்பள உயர்வில் கை வைப்பது தவறு. அதோடு ஏசி இருபதில் ஓடும் அலுவலகத்தில் குளிருக்கும் கை கட்டுவார்கள்! ஒருவருடைய ஒற்றை அசைவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன். அவர் வழக்கமாக எப்படி இருப்பார், இன்று அதிலிருந்து என்ன மாறியிருக்கிறது என்று பார்த்தால் ஏதாவது தெரியும்.

மேனேஜரிடம் தனியாக ஒரு தடவை பேசிப் பாருங்கள்: "எங்க ஊர்ல இது மரியாதை சார், நீங்க சொல்றது கவனமா கேக்கறேன்னு அர்த்தம்." கண்ணைப் பார்ப்பது சிரமமாக இருந்தால் புருவத்துக்கு நடுவில் பார்க்கலாம், எதிரில் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

அண்ணா நகர், ஏழு வயதுப் பையனின் அம்மா: ஹோம்வொர்க் நேரத்தில் கத்திவிடுகிறேன். அவன் அப்படியே உறைந்து நிற்கிறான், கேட்டால் பதிலே வருவதில்லை. திமிரா, பயமா?

பயம். எதிர்த்துப் போராடவும் முடியாது, ஓடவும் முடியாது என்றால் உடம்பு உறைந்துபோகும், எலி பூனை முன்னால் நிற்பது மாதிரி. அந்த நிமிடத்தில் ஏழாம் வாய்ப்பாடு அவன் தலையில் இருந்தாலும் வெளியே வராது.

நீங்கள் முதலில் உட்காருங்கள். நின்றுகொண்டு சொல்வதற்கும், அவன் கண் மட்டத்துக்குத் தரையில் உட்கார்ந்து சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று ஒரே நாளில் பார்த்துவிடலாம். குரலைத் தணியுங்கள், வேகத்தைக் குறையுங்கள். அப்புறம், கத்தியது கத்தியதுதான், அதற்காக இரவெல்லாம் அழ வேண்டாம். எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களில் ஒரு சோதனை செய்தார். கொஞ்சிக்கொண்டிருந்த அம்மா சட்டென்று சில நிமிடங்கள் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் இருப்பார், கைக்குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அழும். அம்மா மறுபடி கொஞ்சியதும் மெல்லத் திரும்பி வரும். தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் தாளம் தப்புவது தினம் நடப்பது, தப்பியதைச் சரிசெய்வதில்தான் குழந்தை தேறுகிறது என்பது அவர் பல வருடம் சொல்லிவந்தது. "அம்மா கத்தினது தப்பு, பயந்துட்டியா?" என்று அன்று இரவே கேட்டுவிடுங்கள்.

மயிலாப்பூர், ஓய்வு பெற்றவர்: மூச்சை இழுத்து விட்டால் கோபம் அடங்கும் என்பதில் அறிவியல் இருக்கிறதா? வேகஸ் என்று ஏதோ சொல்கிறார்களே?

இருக்கிறது சார். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள். இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், விடும்போது தணியும். வயதாக ஆக இந்த வித்தியாசம் குறையும், உங்களுக்குத் தெரியவில்லை என்றால் பேரன் கையைப் பிடித்துப் பாருங்கள். இந்த வேலையைச் செய்வது பத்தாவது மூளை நரம்பான வேகஸ். மூளையின் அடித்தண்டிலிருந்து கிளம்பித் தொண்டை, இதயம், நுரையீரல், குடல் வரை போகிறது. லத்தீனில் 'அலைகிற' என்று பொருள், பொருத்தமான பெயர். ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி 1921-ல் ஒரு தவளை இதயத்தின் வேகஸைத் தூண்டி, அந்த இதயத்தைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்தில் விட்டார், அதுவும் மெதுவாகத் துடித்தது, வேகஸ் ஒரு வேதிப்பொருளை விட்டுத்தான் இதயத்தைத் தணிக்கிறது என்று தெரிந்தது. அதற்கு 1936-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மூச்சை விடும்போதுதான் துடிப்பு தணிகிறது, அதனால் இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள், நாலு எண்ணி இழுத்தால் ஆறு எண்ணி விடுங்கள், ஐந்து நிமிடம் போதும். வேகஸை வைத்துப் பயத்தையும் அமைதியையும் விளக்கும், 'பாலிவேகல்' என்று இணையத்தில் சுற்றும் கோட்பாடு ஸ்டீபன் போர்ஜஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1994-ல் முன்வைத்தது, அதன் உடற்கூறு விளக்கத்தைப் பல விஞ்ஞானிகள் ஏற்கவில்லை. மூச்சுப் பயிற்சிக்கு அந்தக் கோட்பாடு தேவையும் இல்லை.

பெயர் சொல்ல விரும்பாதவர்: கண் அசைவை வைத்துக் கணவர் பொய் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது மனிதர்கள் பொய்யைச் சரியாகக் கண்டுபிடித்தது சுமார் 54 சதவீதம், காசு சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல். கேட்டுவிடுங்கள்.

பெயர் சொல்ல விரும்பாத இன்னொருவர்: அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே கை சில்லிட்டுப் போகிறது. இரண்டு தடவை அடித்திருக்கிறார். நான் அமைதியாக இருக்கப் பழகினால் சரியாகிவிடுமா?

இல்லை அம்மா. உங்கள் நரம்பில் கோளாறு எதுவும் இல்லை, அது சரியாக எச்சரிக்கிறது. ஆபத்து என்றால் ரத்தம் தோலிலிருந்து பெரிய தசைகளுக்குப் போகும், அதனால்தான் கை சில்லிடுகிறது. அடிப்பவர் அடிப்பதை உங்கள் மூச்சுப் பயிற்சியால் நிறுத்த முடியாது, அது உங்கள் பொறுப்பும் இல்லை. 181 பெண்கள் உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம். உடனடி ஆபத்து என்றால் 112. நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே சொல்லி வையுங்கள்.

தாம்பரம்: அம்மா போன பிறகு அப்பா என்னோடு இருக்கிறார். எதிரில் உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் பேச்சே வருவதில்லை.

எதிரில் உட்காராதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், அல்லது சேர்ந்து நடங்கள். முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடி போய்விட்டால் பல ஆண்களுக்குப் பேச்சு தானாக வருவதை என் அறையிலேயே பார்த்திருக்கிறேன். ஜேம்ஸ் கோன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், மின் அதிர்ச்சி வரலாம் என்று காத்திருந்த 16 பெண்களுக்கு, கணவர் கையைப் பிடித்திருந்தபோது மூளையின் அபாயப் பதற்றம் குறைந்தது. முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்தாலும் ஓரளவு குறைந்தது. உங்கள் அப்பாவுக்கு அந்தக் கை இப்போது இல்லை. ஞாயிறு காலையில் பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள், மணலில் இறங்கும்போது அவர் முழங்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எதுவும் பேசாமல் திரும்பி வந்தாலும் பரவாயில்லை, அடுத்த ஞாயிறும் கூப்பிடுங்கள்.