மாநிலமே கடனில் இருந்தால் மருமகனுக்குப் பணம் வருமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மருமகன் கலிபோர்னியாவில் மென்பொருள் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். போன மாதம் ஆள்குறைப்பில் வேலை போய்விட்டது. வேலையின்மைக் காப்பீட்டுப் பணத்துக்கு மனுப் போட்டிருக்கிறார். அந்த மாநிலத்தின் காப்பீட்டு நிதியே பெருங்கடனில் கிடக்கிறதாமே, பணம் பாதியில் நின்றுவிடுமா?
– வாசகர், தக்கலை

பதில்: கடனுக்காக நிற்காது. தகுதியுள்ளவருக்குப் பணம் கொடுத்தே ஆகவேண்டும் என்பது அங்கே சட்டம். மாநிலக் கணக்கு வறண்டால் மத்திய அரசின் கணக்கிலிருந்து கடன் வாங்கிக் கொடுப்பார்கள். 2008-க்குப் பிந்தைய மந்தத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இப்படித்தான் சமாளித்தன. கொரோனா காலத்தில் கலிபோர்னியா வாங்கிய கடன் சுமார் 2,000 கோடி டாலர்.

முதலில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: மருமகன் எந்த விசாவில் இருக்கிறார்? கிரீன் கார்டு இருந்தால் கவலையில்லை. ஹெச்-1பி என்றால் பொதுவாக இந்தப் பணம் கிடைக்காது. ‘எந்த வேலை வந்தாலும் உடனே சேரத் தயார்’ என்ற நிபந்தனை அந்த விசாவுக்குப் பொருந்துவதில்லை. அவருக்கு அதைவிட அவசரமான கணக்கு, அடுத்த வேலை தேட இருக்கும் 60 நாள் அவகாசம்.

நிதி ஏன் வறள்கிறது? நம் பேச்சிப்பாறை அணை மாதிரிதான். மழைக்காலத்தில் நிரப்பினால்தான் கோடையில் கடைவரம்பு வரை தண்ணீர் போகும். நல்ல காலத்தில் முதலாளிகளிடம் வரி பிடித்துச் சேர்த்து, மந்தத்தில் கொடுக்க வேண்டும். கடந்த 20 ஆண்டுகளில் செலவு மிகுந்த மூன்று ஆண்டுகளின் சராசரியை எடுத்து, அந்த அளவில் ஓராண்டு கொடுக்கப் போதுமான இருப்பு இருக்கவேண்டும் என்பது அங்கே சொல்லப்படும் அளவுகோல். கலிபோர்னியா அந்தப் பக்கமே போகவில்லை. காரணம் வரியைப் பார்த்தாலே தெரியும். ஒரு தொழிலாளி வருடம் ஒரு லட்சம் டாலர் வாங்கினாலும் முதல் 7,000 டாலருக்குத்தான் வரி. அதுதான் மத்திய சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்சம். உச்ச விகிதமான 6.2 சதவீதம் போட்டாலும் ஒருவருக்கு ஆண்டுக்கு 434 டாலர். வேலை போனவருக்கு வாரத்துக்கு அதிகபட்சம் 450 டாலர், 26 வாரம் வரை. முழு வருட வரி ஒரு வாரப் பணத்துக்கே போதவில்லை! இதில் மந்தம் வந்தால் கேட்கவா வேண்டும்.

கடனை அடைப்பவர்கள் முதலாளிகள். அதே 7,000 டாலருக்கு மத்திய வேலையின்மை வரி 6 சதவீதம், அதில் 5.4 சதவீதம் சலுகை போக, ஆளுக்கு 42 டாலர்தான் வழக்கமாகக் கட்டுவது. இரண்டு ஜனவரி முதல் தேதிகளைத் தாண்டியும் கடன் நின்று, அந்த இரண்டாம் ஆண்டின் நவம்பர் 10-க்குள் தீராவிட்டால் சலுகையில் 0.3 சதவீதம் வெட்டு, அதாவது ஆளுக்கு 21 டாலர் கூடுதல். ஒவ்வொரு வருடமும் இது ஏறும். கலிபோர்னியாவில் 2022-க்குத் தொடங்கி, 2024-க்கு 63 டாலர் கூடுதலாகிவிட்டது. வட்டியை மட்டும் இந்த நிதியிலிருந்து எடுக்கக்கூடாது. மாநிலம் வேறு வழியில் கட்டவேண்டும்.

வாங்குபவருக்கு அடி விழுவது பிறகு, சட்டத்தை மாற்றும்போது. கடனில் மாட்டிய வட கரோலினா 2013-இல் வார உச்சத்தை 535 டாலரிலிருந்து 350 ஆக்கியது, வாரங்களையும் குறைத்தது. கலிபோர்னியா இன்னும் 26 வாரத்தில் கைவைக்கவில்லை.

மருமகனின் பணம் நின்றால் காரணம் பெரும்பாலும் சில்லறையாக இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ‘வேலை தேடினேன், செய்யத் தயார்’ என்று உறுதி தரவேண்டும். மறந்தால் பணம் இல்லை. முதல் வாரம் காத்திருப்பு, அதற்குப் பணம் வராது. இடையில் சின்ன வேலை செய்தால் சம்பளம் கையில் வந்த வாரத்தில் அல்ல, வேலை செய்த வாரத்தில், பிடித்தம் போகாத முழுத் தொகையைக் காட்டவேண்டும். பலர் வழுக்கி விழும் இடம் இது. மத்திய வருமான வரியும் உண்டு. 10 சதவீதம் அப்போதே பிடிக்கச் சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி: குலசேகரம் பக்கம் முந்திரி ஆலையில் ஏழு வருடமாகத் தோல் உரிக்கிறேன். ஆலையை மூடப் போகிறார்களாம். மாதாமாதம் ஈ.எஸ்.ஐ. பிடித்தார்கள். நமக்கு இப்படி எதுவும் கிடையாதா?
– வாசகி, திருவட்டாறு

பதில்: உண்டு. அதற்கு முன் ஒன்று: ‘சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்’ என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கணக்கு முடிக்கும் நாளில் பல அண்டி ஆபீஸ்களில் (முந்திரி ஆலைகளில்) இந்தத் தாள்தான் முதலில் நீட்டப்படும். தானாக விலகியவருக்கு இந்தப் பணம் கிடையாது.

வேலை போனவருக்கு ஈ.எஸ்.ஐ. தரும் அடல் திட்டத்தில் சராசரி நாள்கூலியில் பாதி, 90 நாள் வரை, வாழ்நாளில் ஒருமுறை. நாள்கூலி 400 ரூபாய் என்றால் 200 வீதம் 18,000 ரூபாய். இரண்டு வருடம் காப்பீட்டில் இருந்திருக்கவேண்டும். ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று அரையாண்டாகக் கணக்கு வைப்பார்கள். வேலை போவதற்கு முந்தைய அரையாண்டில் 78 நாளுக்குப் பங்களிப்பு வேண்டும்; அதற்கு முன்னுள்ள மூன்றில் ஏதாவது ஒன்றிலும் 78 நாள் வேண்டும். தோட்டண்டி (உடைக்காத முந்திரிக்கொட்டை) வராமல் ஆலை வாரக்கணக்கில் பூட்டிக்கிடந்த அரையாண்டு இருந்தால் இங்கேதான் இடிக்கும். நாள் எண்ணிக்கையை ஈ.எஸ்.ஐ. இணையதளத்தில் இப்போதே பார்த்துவிடுங்கள். ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். இது காலநீட்டிப்பில் ஓடும் திட்டம். உங்கள் தேதி அதற்குள் வருகிறதா என்று கிளை அலுவலகத்தில் கேளுங்கள்.

ஆலை நிரந்தரமாக மூடப்பட்டால் அதே ஈ.எஸ்.ஐ.-யில் 2005-இல் வந்த ராஜீவ் காந்தி திட்டம் இதைவிடப் பெரியது: முதல் 12 மாதம் கூலியில் பாதி, அடுத்த 12 மாதம் கால்வாசி. அதற்கு மூடியதாகக் கடிதம் முக்கியம். முதலாளி ஊரில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

கேள்வி: மீன்பிடித் தடைக்கால நிவாரணமும் காப்பீடுதானா?
– வாசகர், குளச்சல்

பதில்: இல்லை. அது பட்ஜெட்டிலிருந்து அரசு தருவது, இப்போது குடும்பத்துக்கு 8,000 ரூபாய். யாருடைய கூலியிலிருந்தும் பிடித்துச் சேர்த்த நிதி கிடையாது. அதனால் பங்களிப்பு நாள் கணக்கும் இல்லை. தேதி மட்டும் இடத்துக்கு இடம் மாறும்: சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, உங்கள் குளச்சலுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை.