அதே வேலை, ஆண்களுக்கு மட்டும் 3,500 ரூபாய் கூடுதல்: நான் புகார் கொடுக்கலாமா?

கேள்வி: ஓசூர் பக்கம் ஒரு ஆட்டோ உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பி.இ. முடித்துவிட்டு கேம்பஸ் இன்டர்வியூ வழியாக ஒரே நாளில் ஆறு பேர் டிரெய்னியாகச் சேர்ந்தோம். அதில் மூன்று பேர் பெண்கள். 14 மாதம் ஆகிறது. எங்களுக்கு மாதம் 24,500 ரூபாய், அவர்களுக்கு 21,000 என்பது போன மாதம்தான் தெரிந்தது. எச்.ஆரில் கேட்டேன். "அவங்க நைட் ஷிப்ட் வர்றதில்லை. உனக்கு என்ன குறைச்சல்? உன் வேலையைப் பாரு" என்றார்கள். சம்பளத்தை யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஆபர் லெட்டரில் ஒரு வரி இருக்கிறது. வீட்டில் "வம்பு வேண்டாம்" என்கிறார்கள். அவர்களுக்காக நான் புகார் கொடுக்க முடியுமா? கொடுத்தால், என் சம்பளத்தைக் குறைத்து எல்லோருக்கும் சமம் ஆக்கிவிடுவார்களா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: தம்பி, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் சம்பளத்தில் அவர்கள் கை வைக்க முடியாது. ஊதியச் சட்டத் தொகுப்பு 2019, பிரிவு 3 இதை நேரடியாகவே சொல்கிறது: சம ஊதியம் தருகிறேன் என்ற பெயரில் எந்த ஊழியரின் ஊதியத்தையும் குறைக்கக் கூடாது. குறைவாக வாங்குபவருக்கு ஏற்றித் தருவது ஒன்றுதான் வழி. இந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முந்தைய மாதங்களுக்கும் 1976-ம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் இதே உரிமையைத் தந்திருந்தது.

வீட்டார் பயப்படுவதில் தவறில்லை. ஆனால் லாபம் பெறுகிற இடத்தில் இருந்துகொண்டு "இது நியாயமில்லை" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பலம் இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் கவனம் வேண்டும்.

முதலில் ஒன்றைச் சரிபாருங்கள். அந்த மூன்று பேரும் நீங்களும் உண்மையில் டிரெய்னியா, அல்லது 1961-ம் ஆண்டின் அப்ரண்டிஸ் (தொழிற்பழகுநர்) சட்டத்தின்படி எடுக்கப்பட்டவர்களா? அந்தச் சட்டத்தின் கீழ் வரும் அப்ரண்டிஸ் இந்தத் தொகுப்பின்படி 'ஊழியர்' ஆக மாட்டார். நிர்வாகம் முதலில் ஒளிந்துகொள்ளும் இடமும் இதுதான். ஆபர் லெட்டரில் 'டிரெய்னி' என்று போட்டிருந்தால் மட்டும் ஒருவர் அப்ரண்டிஸ் ஆகிவிடுவதில்லை. அதற்குத் தனி ஒப்பந்தம் போட்டு, அரசின் அப்ரண்டிஸ் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அப்படி ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதாக நினைவில்லை, சம்பளத்தில் பி.எஃப். பிடிக்கிறார்கள், வழக்கமான ஷிப்டில் வழக்கமான வேலை என்றால் நீங்கள் ஊழியர்கள்தான். பதிவு செய்த அப்ரண்டிஸ்தான் என்று தெரிந்தால், போக வேண்டிய இடம் சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம்.

அடுத்து 'ஒரே வேலை' என்பதற்கு என்ன அர்த்தம் என்று பார்ப்போம். திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஆகிய நான்கும் ஒன்றாக இருந்து, வேலைச் சூழலும் ஒத்திருக்க வேண்டும். நடைமுறையில் பொருட்படுத்தத் தேவையில்லாத சின்ன வித்தியாசங்கள் கணக்கில் வராது. பதவிப் பெயரை மட்டும் மாற்றி வைத்தாலும் தப்ப முடியாது. 1987-ல் மெக்கின்னன் மெக்கன்சி வழக்கில் பெண் ஸ்டெனோகிராபர்களுக்கு ஆண்களைவிடக் குறைவான சம்பளம் கொடுத்ததை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டாயிற்று என்ற வாதமும் எடுபடவில்லை, கொடுக்க வசதியில்லை என்ற வாதமும் எடுபடவில்லை.

நைட் ஷிப்ட் காரணம் பலவீனமானது. இரவில் வேலை செய்பவருக்கு, செய்த இரவுகளுக்கு மட்டும் நைட் ஷிப்ட் அலவன்ஸ் கொடுக்கலாம். அதில் தவறில்லை. மாதச் சம்பளத்தையே 3,500 ரூபாய் கூட்டி வைப்பது வேறு விஷயம். இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இந்த 14 மாதத்தில் நீங்கள் எத்தனை நாள் இரவு வேலை பார்த்தீர்கள்? அந்தப் பெண்களை இரவு ஷிப்டுக்கு வருகிறீர்களா என்று நிர்வாகம் எப்போதாவது கேட்டதா? பெண்கள் தொழிற்சாலையில் இரவு வேலை செய்யக் கூடாது என்ற பழைய தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-லேயே ரத்து செய்துவிட்டது. இப்போதைய சட்டப்படி அவர்கள் சம்மதித்து, பாதுகாப்பு ஏற்பாடும் இருந்தால் வரலாம். வாய்ப்பே தராமல் இருந்துவிட்டு, வரவில்லை என்று சம்பளத்தைக் குறைக்க முடியாது.

இப்போது பே ஸ்லிப்பை எடுத்து வரிவரியாகப் பாருங்கள். பல இடங்களில் பேசிக் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கும். வித்தியாசத்தை ஸ்பெஷல் அலவன்ஸ், வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி என்ற வரிகளில் ஒளித்து வைத்திருப்பார்கள். ஊதியம் என்பதன் வரையறையில் வீட்டு வாடகைப் படியும் போக்குவரத்துப் படியும் பொதுவாகச் சேராது. ஆனால் சம ஊதியத்தைக் கணக்கிடும்போது அவற்றையும் ஓவர்டைமையும் சேர்க்க வேண்டும் என்று தொகுப்பே சொல்கிறது. "பேசிக் சமம்தானே" என்று நிர்வாகம் சொன்னால் பதில் இதுதான்.

இனி உங்கள் முக்கியக் கேள்வி. அவர்களுக்காக நீங்கள் மனுதாரராக ஆக முடியாது. பிரிவு 45-ன்படி கோரிக்கை மனு கொடுக்கக் கூடியவர்கள் மூன்று தரப்பினர்: பாதிக்கப்பட்ட ஊழியர், அவர் உறுப்பினராக உள்ள பதிவு பெற்ற தொழிற்சங்கம், தொழிலாளர் துறையின் ஆய்வு அலுவலர். உரிமை அந்த மூன்று பெண்களுடையது. ஆகவே அவர்களிடம் பேசாமல் ஒரு அடி கூட எடுத்து வைக்காதீர்கள். அவர்களில் ஒருவருக்கு வீட்டுக் கடன் இருக்கலாம், இன்னொருவர் வேறு வேலை தேடிக்கொண்டிருக்கலாம். விளைவைச் சுமக்கப் போவது அவர்கள் என்பதால் முடிவும் அவர்களுடையதாக இருக்க வேண்டும்.

அவர்கள் சம்மதித்தால், வழக்கின் மிக முக்கியமான சான்று உங்கள் கையில் இருக்கிறது. அது உங்கள் பே ஸ்லிப். ஒப்பிட்டுக் காட்ட ஒரு ஆணின் சம்பளம் இல்லாமல்தான் இப்படிப்பட்ட மனுக்கள் பெரும்பாலும் தடுமாறும். உங்களுடைய 14 பே ஸ்லிப், ஆபர் லெட்டர், வங்கிக் கணக்கு அறிக்கை, அவர்களுடையதும் அதேபோல: இவை போதும். ஆபர் லெட்டரில் உள்ள ரகசிய வரி, உங்கள் சொந்தச் சம்பளத்தைச் சட்டப்படியான அதிகாரி முன் காட்டுவதைத் தடுக்காது. சட்டம் தரும் தொகையை விட்டுக்கொடுப்பதாகப் போடும் எந்த ஒப்பந்தமும் செல்லாது.

செய்யக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். எச்.ஆர். கம்ப்யூட்டரிலிருந்து சம்பளப் பட்டியலைப் படம் எடுக்காதீர்கள். தரவுத் திருட்டு என்று உங்கள் மேல் வழக்குத் திரும்பும், கதையே மாறிவிடும். இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்களை வெளியே கொண்டு போகவும் வேண்டாம். ஒரே படிவத்தில் காலை ஷிப்டில் அந்தப் பெண்களில் ஒருவர் கையெழுத்தும் மதிய ஷிப்டில் உங்கள் கையெழுத்தும் இருக்கும் அல்லவா? அந்தத் தேதி, ரிப்போர்ட் எண், மெஷின் எண் ஆகியவற்றை உங்கள் சொந்த நோட்டில் எழுதி வையுங்கள். விசாரணையில் அந்த ஆவணங்களை நிர்வாகம் கொண்டுவர வேண்டும் என்று கேட்கலாம். கம்பெனி பெயரைப் போட்டு லிங்க்ட்இன்னில் எழுதுவதும் இப்போதைக்கு வேண்டாம். அவதூறு வழக்கு என்று மிரட்ட அவர்களுக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கும்.

முதல் கடிதம் நிர்வாகத்துக்கு. மூன்று பேரும் சேர்ந்து கையெழுத்துப் போடட்டும். சேர்ந்த தேதி, செய்யும் வேலை, இரு தரப்புச் சம்பளம், மாத வித்தியாசம், 15 நாளில் பதில் வேண்டும் என்ற கோரிக்கை: ஒரு பக்கம் போதும். கோபமான வார்த்தை ஒன்றும் வேண்டாம். நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். வாய்மொழியாக எச்.ஆரில் கேட்டது எங்கும் பதிவாகாது. பிறகு "எங்களிடம் யாருமே சொல்லவில்லை" என்பார்கள்.

பதில் வராவிட்டால் மனுவை கிருஷ்ணகிரி மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில், பிரிவு 45-ன்படியான கோரிக்கை என்று தலைப்பிட்டுக் கொடுக்க வேண்டும். தொழிற்சாலை என்பதால் ஒரு நகல் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகத்துக்கும் போகட்டும். மூவருக்கும் ஒரே மனு போதும். காலக்கெடு 3 ஆண்டு. கணக்கைத் தெளிவாகப் போடுங்கள்: 3,500 ரூபாய் வீதம் 14 மாதத்துக்கு ஒருவருக்கு 49,000. அதற்கு மேல் இழப்பீடாக, நிலுவையைப்போல் 10 மடங்கு வரை அதிகாரி உத்தரவிடலாம். 10 மடங்கு என்பது உச்ச வரம்பு. அவ்வளவும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் கூடுதல் காலம் ஆகும். உத்தரவிட்டும் கட்டாவிட்டால், மாவட்ட ஆட்சியர் மூலம் நில வருவாய் பாக்கி போல வசூலிக்கலாம். குறைத்துக் கொடுத்த ஊதியத்துக்கு 50,000 ரூபாய் வரை தனி அபராதமும் உண்டு.

வேலை ஒத்திருக்கிறது என்று காட்டுவது உங்கள் தரப்பின் பொறுப்பு. உரிய தொகையைக் கொடுத்துவிட்டோம் என்று நிரூபிப்பது, பிரிவு 59-ன்படி, நிர்வாகத்தின் பொறுப்பு.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். புரொபேஷன் முடிவதற்குள் "வேலையில் திருப்தி இல்லை" என்று அனுப்பிவிடலாம், வேறு பிரிவுக்கு மாற்றலாம். அதனால் நல்ல அப்ரைசல் மெயில்களையும் வருகைப் பதிவையும் இப்போதே சேர்த்து வையுங்கள். புகார் கொடுத்த இரண்டாவது வாரத்தில் வரும் 'திருப்தி இல்லை' கடிதத்தை, அதற்கு முந்தைய மாதத்துப் பாராட்டு மெயில் ஒன்றே பலவீனமாக்கிவிடும். யாருடைய அசல் சான்றிதழாவது நிர்வாகத்திடம் இருந்தால், கடிதம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

மூவரில் ஒருவருக்கு மட்டும் சம்பளத்தை ஏற்றி, "பழைய பாக்கி இல்லை" என்று கையெழுத்துக் கேட்பதும் நடக்கும். ஏற்றியதை வாங்கிக்கொள்ளலாம். பாக்கி இல்லை என்ற தாளில் கையெழுத்து வேண்டாம்.

வக்கீல் கட்டணத்துக்கு யோசிக்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். போகும்போது உங்கள் பே ஸ்லிப் நகலையும், தேவைப்பட்டால் சாட்சி சொல்லத் தயார் என்று நீங்கள் கையெழுத்திட்ட கடிதத்தையும் அவர்களிடம் கொடுத்தனுப்புங்கள்.