ஈரச் சுவரை மூடாதீர்கள், முதலில் காய விடுங்கள்

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்து மல்லாவியில் 2013இல், போருக்குப் பின் இந்திய அரசு காசு கொடுத்த இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு எங்களுடையது. முன்னறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறி, பெயின்ற் உரிந்து, வெள்ளையாகப் பூத்து நிற்கிறது. இப்போது அந்த அறையில் மாமி படுக்கிறா. மகள் உயர்தரம் படிப்பதால் அறையைத் திருத்தி அவளுக்குக் கொடுக்க நினைக்கிறோம். நாலடி உயரத்துக்கு டைல்ஸ் பதியுங்கள், காசு அனுப்புகிறேன் என்கிறான் கனடாவில் உள்ள தம்பி. ஒரு கொந்தராத்துக்காரர், ஈரம் தடுக்கும் மருந்து பெயின்ற் அடித்தால் பத்து வருடத்துக்குத் தொல்லை இல்லை என்று பாதிக் காசை முன்பணமாகக் கேட்கிறார். நானும் கணவரும் பிள்ளைகளுமாகச் செய்யக்கூடிய வேலை ஏதும் உண்டா?

பதில்: நிறையவே உண்டு. ஆனால் தம்பியிடம் சுவருக்கு டைல்ஸ் வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கொந்தராத்துக்காரருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

நிலத்தில் உள்ள தண்ணீரைச் சீமெந்துக் கல் மெல்ல மெல்ல மேலே இழுக்கிறது. சுவரின் முகப்புக்கு வந்ததும் தண்ணீர் காற்றில் போய்விடும், அதில் கரைந்திருந்த உப்பு அங்கேயே தங்கிவிடும். நீங்கள் பார்க்கும் வெள்ளைப் பூ அந்த உப்புத்தான். டைல்ஸும் மருந்து பெயின்றும் தண்ணீர் வெளியேறும் வழியைத்தான் அடைக்கின்றன, ஏறும் தண்ணீரை அல்ல. வழி அடைபட்டால் அது இன்னும் மேலே போய் வெளியேறும். இரண்டு மாரி கழிய டைல்ஸுக்கு மேலே புதிதாக ஒரு ஈரக்கோடு தெரியும். அப்போது கொந்தராத்துக்காரரின் தொலைபேசி வேலை செய்யாது.

வீடு கட்டும்போதே அத்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையில் தாரோ தடித்த பொலித்தீனோ வைத்து ஈரத்தைத் தடுத்திருக்க வேண்டும். வன்னியில் போருக்குப் பின் எழுந்த வீடுகள் பலவற்றில் அது பெயருக்கு இருக்கும், அல்லது இருக்காது. உங்கள் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாக வந்தது, கட்டிய பொறுப்பு உங்களுடையது. கல்லும் மணலும் விலை ஏறிய காலத்தில் சனம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் மிச்சம் பிடித்தது. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். கட்டம் கட்டமாகக் காசு விடும் எந்தத் திட்டத்திலும் சுவர் எழும்பிவிட்டதா என்றுதான் பார்க்கிறார்கள். சுவருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்க ஆளில்லை. அதன் விலையைப் பத்து வருடம் கழித்து நீங்கள் கொடுக்கிறீர்கள்.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். ஓரடிச் சதுரத்தில் ஒளி ஊடுருவும் பொலித்தீனைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் காற்றுப் புகாமல் ரேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனுக்குள்ளே, சுவர்ப் பக்கம் தண்ணீர் முத்து முத்தாக நின்றால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறைப் பக்கம் மட்டும் ஈரமென்றால் அறைக்குக் காற்றோட்டம் போதாது, அதற்கு யன்னலைத் திறந்து வைத்தால் போதும்.

அடுத்தது வெளியே. இந்த இடத்தில்தான் குடும்பம் முழுவதும் கை கொடுக்க வேண்டும். வெளிச்சுவரோடு பூக்கன்றுக்கு மண் அணைத்திருக்கிறீர்களா? முற்றத்து மண் அறையின் நிலமட்டத்துக்கு மேலே ஏறியிருக்கிறதா? வெட்டி இறக்குங்கள். நிலமட்டத்திலிருந்து அரை அடியாவது கீழே மண் நிற்க வேண்டும், ஆனால் அத்திவாரத்தின் அடி தெரிய வெட்டிவிடாதீர்கள். தாழ்வாரத் தண்ணீர் விழும் இடத்தில் இரண்டடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவாகக் கொங்கிறீற் போட்டால் மழை சுவரடியில் தேங்காது. குளிக்கும் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடினால் திருப்பிவிடுங்கள். பல வீடுகளில் இவ்வளவிலேயே ஈரம் நன்றாகக் குறைந்துவிடும்.

அதன்பின் உள்ளே. பூச்சு உடைக்குமுன் மாமியை வேறு அறைக்கு மாற்றுங்கள். அந்தத் தூசி வயதானவர்களுக்கு ஆகாது. மெயின் சுவிட்சை நிறுத்துங்கள், பூச்சுக்குள் வயர் ஓடும். ஈரக்கோட்டுக்கு மேலே ஓரடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, உப்பை வயர் பிரஷால் காய்ந்தபடியே தேய்த்துக் கூட்டி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவவே கூடாது. கழுவினால் உப்புக் கரைந்து திரும்பவும் சுவருக்குள்தான் போகும். கண்ணாடியும் முகக்கவசமும் கையுறையும் எல்லாருக்கும் வேண்டும்.

கொத்திய சுவரைக் குறைந்தது ஆறு வாரம் வெறுமனே விடுங்கள். சோளகம் வீசும் வைகாசி முதல் ஆவணி வரையான காலம் இதற்கென்றே அமைந்தது. ஐப்பசி மழைக்கு முன் பூசி முடித்தால் சரி. பூசும் வேலையை மட்டும் ஒரு நல்ல மேசனிடம் நாட்கூலிக்குக் கொடுங்கள். மணல் அரிப்பதும் கலவை எடுத்துக் கொடுப்பதும் பூசியபின் ஏழு நாள் தண்ணீர் தெளிப்பதும் உங்கள் வேலை.

இப்போது மணல். இதில்தான் வன்னியில் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். மணல் விற்கும் அளவான ஒரு கியூப் என்பது 100 கன அடி. உங்கள் அறை பத்துக்குப் பத்தாக இருந்து, நாலு சுவரும் நாலடிக்குப் பூசினாலும் 15 கன அடி மணலும் இரண்டு பை சீமெந்தும் போதும். பத்துப் பை என்று ஒருவர் கணக்குச் சொன்னால் மிச்ச எட்டும் எங்கே போகிறது என்று கேளுங்கள். இரவில் மலிவாக டிப்பர் மணல் பறிக்கிறேன் என்று வருபவரைக் கேற்றிலேயே அனுப்பிவிடுங்கள். அது கடற்கரைப் பக்க மணலாக இருந்தால் வெளியே போன உப்பை நீங்களே காசு கொடுத்துச் சுவரில் பூசுகிறீர்கள். மணல் ஏற்றிவர முறையான அனுமதிப்பத்திரம் வேண்டும், அதைக் காட்டச் சொல்லுங்கள். இந்த அனுமதி நடைமுறையும் லோட் கணக்கில் ஏற்றுபவருக்காகத்தான் போடப்பட்டிருக்கிறது. ஒரு அறை திருத்தச் சில உரப்பை மணல் தேவைப்படும் ஏழைக்கு நேர்வழி எது என்று எந்தக் கந்தோரிலும் பதில் கிடையாது. அதனாலேயே சனம் இரவு டிப்பரிடம் போகிறது. உங்களுக்கு வேண்டிய அளவை ஹாட்வெயாரில் பை பையாக வாங்கலாம், அயலில் வீடு கட்டியவரிடம் மிஞ்சியதைக் கேட்கலாம். ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதி மணலும் மேலே தண்ணீரும் விட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் வையுங்கள். மேலே படியும் சேறு மணலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த மணல் வேண்டாம். கிணற்றுத் தண்ணீர் சவராக இருந்தால் கலவைக்கும் அது ஆகாது.

கலவை ஒரு பங்கு சீமெந்து, ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல். மேசன் முகம் சுழிப்பார், சீமெந்து கூடினால்தான் பலம் என்பார். விட்டுக்கொடுக்காதீர்கள். சுண்ணாம்பு கலந்த பூச்சு மூச்சு விடும், ஈரம் வெளியேறும். பூச்சு நிலத்தைத் தொடாமல் ஒரு அங்குலம் மேலேயே நிற்கட்டும்.

வெடிப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். யன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுப் போலச் சரிந்து ஓடும் வெடிப்பு இருந்தால் இதுவரை சொன்ன எதையும் தொடங்காதீர்கள். மன்னார் மாவட்டத்தில் முருங்கன் பக்கத்துக் கருங்களி மண்ணில் இது சாதாரணம். மாரியில் அந்த மண் ஊதும், கோடையில் சுருங்கிப் பிளக்கும், மேலே நிற்கும் வீடும் கூடவே அசையும். மல்லாவியில் உங்கள் காணி பெரும்பாலும் அப்படி இருக்காது. ஆனால் பழைய வயலை நிரவிக் கட்டிய காணி என்றால் யோசியுங்கள், குளத்துக்குக் கீழே இருந்தாலும் யோசியுங்கள். வெடிப்பின் இரண்டு பக்கத்திலும் பென்சிலால் கோடு கீறி, இடைவெளியை அளந்து திகதி எழுதுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை அளந்து, ஒரு மாரியும் ஒரு கோடையும் பாருங்கள். மாறவில்லை என்றால் பழைய வெடிப்பு, பூசலாம். அகன்றுகொண்டே போனால் அது அத்திவாரத்தின் நோய். பிரதேச சபைத் தொழில்நுட்ப உத்தியோகத்தரையோ படித்த பொறியியலாளரையோ கூட்டிவந்து காட்டுங்கள். சீமெந்து அடைத்து மறைத்துத் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள்.

பூச்சுக் காய ஒரு மாதம் விட்டுச் சுண்ணாம்பு அடியுங்கள். அதை மகளே அடிக்கலாம், கண்ணிலும் தோலிலும் படக்கூடாது. ஸ்கிம் கோட் மெல்லிய பூச்சு, எமல்ஷன் பெயின்ற் எதுவும் இந்தச் சுவருக்கு வேண்டாம். மேசையையும் கட்டிலையும் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

தம்பி அனுப்பும் காசில் முதலில் அந்தப் பக்கக் கூரைக்குப் பீலி பூட்டுங்கள். டைல்ஸ் ஆசை விடாது என்றால் நிலத்துக்குப் பதிக்கலாம். அதற்கு முன் அடுத்த மாரி முடிந்ததும் அதே பொலித்தீனை நிலத்திலும் ஒட்டிப் பார்த்து, உட்புறம் காய்ந்திருந்தால் மட்டும் பதியுங்கள்.