கோள் விண்கலத்தின் அறிவியல் பணிகளைத் திட்டமிடும் பட்டதாரிப் பயிற்சியில் உண்மையில் என்ன வேலை இருக்கும்?

கேள்வி கேட்டவர் எம்.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறாராம். ஐரோப்பிய விண்வெளி முகமையின் பட்டதாரிப் பயிற்சி விளம்பரத்தில் இந்தப் பணியைப் பார்த்திருக்கிறார். இது ஆராய்ச்சியா, மென்பொருள் வேலையா, விண்கலத்தை ஓட்டும் வேலையா, இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறார். அங்கே பயிற்சியில் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதைத்தான் நிறைய பேர் தனிச்செய்தியில் கேட்கிறார்கள். இந்தியக் குடியுரிமை மட்டும் இருந்தால் முடியாது. முகமைக்குப் பணம் கொடுக்கும் உறுப்பு நாடுகள், கனடா போன்ற கூட்டு நாடுகள், இவற்றின் குடிமக்களுக்குத்தான் இடம். நான் புதுச்சேரிக்காரன். புதுச்சேரியை பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962-இல் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும் என்று தாத்தா எழுதிக் கொடுத்தார். அந்தக் கையெழுத்தின் புண்ணியத்தில்தான் நான் உள்ளே போனேன். உங்களுக்கு வேறு வழி இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இடம் மாட்ரிட்டுக்கு மேற்கே சுமார் 30 கி.மீ. தள்ளி, வில்லனுவேவா தெ லா கன்யாதா என்ற ஊர்ப் பக்கம். முகமையின் விண்வெளி அறிவியல் மையம் அங்கே இருக்கிறது. வீட்டில் எல்லோரும் நான் ராக்கெட் ஓட்டுவதாகவே நம்பிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுவது ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட் கட்டுப்பாட்டு மையத்தில். கட்டளைகள் அங்கிருந்துதான் போகும். எந்த நேரத்தில் எந்தக் கருவி எதைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்து அவர்களிடம் கொடுப்பது மாட்ரிட் பக்கத்து வேலை.

இதில் என்ன கஷ்டம் என்பது முகமையின் செவ்வாய்க் கலமான மார்ஸ் எக்ஸ்பிரஸைப் பார்த்தால் புரியும். 2003 ஜூனில் ஏவப்பட்டு, அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று செவ்வாயின் சுற்றுப்பாதைக்குள் போன கலம். அதன் பெரிய ஆன்டெனா உடலோடு சேர்த்துப் பொருத்தப்பட்டது, தனியாகத் திரும்பாது. கேமராவும், ஒளியைப் பிரித்து அளக்கும் நிறமாலைமானிகளும் உடலின் வேறொரு பக்கத்தில் இருக்கின்றன. ஆகவே செவ்வாயைப் பார்க்கும்போது பூமியோடு பேச முடியாது, பூமியோடு பேசும்போது செவ்வாயைப் பார்க்க முடியாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற முழுக் கலத்தையும் திருப்ப வேண்டும், அதற்கும் நேரம் போகும். ஒரு சுற்று சுமார் 7 மணி நேரம். செவ்வாய்க்கு மிக அருகில், 300 கி.மீ. உயரத்தை ஒட்டி வரும் இடத்தைப் பெரிசென்டர் என்போம். நல்ல படமும் நல்ல ராடார் அளவும் கிடைப்பது அதைச் சுற்றிய கொஞ்ச நேரத்தில்தான். அந்த நேரத்துக்குத்தான் அடிபிடி.

கேமரா குழுவுக்கு வெளிச்சம் வேண்டும். நிலத்துக்கடியில் என்ன இருக்கிறது என்று துழாவும் மார்சிஸ் ராடாருக்கு இருட்டு வேண்டும், ஏனென்றால் பகலில் அயனி மண்டலம் (வளிமண்டலத்தின் மேலே மின்னேற்றத் துகள்கள் உள்ள பகுதி) அடர்த்தியாகி அதன் தாழ்ந்த அதிர்வெண் அலைகளைக் கெடுத்துவிடும். இவை இரண்டும் பெரும்பாலும் தானாகவே பிரிந்துவிடும். சுற்றுப்பாதை மெதுவாக நகர்வதால் சில மாதம் பெரிசென்டர் பகலில் இருக்கும், சில மாதம் இரவில். தலைவலி வருவது விடியலும் அந்தியுமாக இருக்கும் இடைக்காலத்தில். கேமராக்காரர்கள் நிழல் நீளமாக விழுகிறது, நிலமேடு பள்ளம் நன்றாகத் தெரியும் என்பார்கள். ராடார்க்காரர்கள் சூரியன் இறங்கிவிட்டது, இனி எங்கள் பக்கம் என்பார்கள். வளிமண்டலக் குழு அதே நேரத்தில் ஒரு நட்சத்திரம் செவ்வாயின் விளிம்பில் மறைவதைப் பார்க்க வேண்டும் என்று வந்து நிற்கும். அதற்குக் கலம் வேறு திசையில் அசையாமல் நிற்க வேண்டும். சூரியக் காற்றின் துகள்களை அளக்கும் ஆஸ்பெரா கருவி மட்டும் கலம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் பெரும்பாலும் ஓடும், அதனால் அந்தக் குழுவோடு தகராறு குறைவு.

நம்ம ஊரில் கடைமடை வரைக்கும் தண்ணீர் போகும்படி முறை வைத்துப் பாய்ச்சுவார்களே, ஏறக்குறைய அதே வேலைதான். எல்லாருடைய கோரிக்கையும் நியாயம், வாய்க்கால் ஒன்றுதான்.

திட்டம் மூன்று அடுக்காக நடக்கும். பல மாதங்களுக்கு முன்பே பெரிய வரைவு போடுவார்கள். அப்புறம் நான்கு வாரத் திட்டம், கடைசியாக ஒரு வாரத்துக்கான துல்லியமான பட்டியல். செவ்வாய்க்குச் சமிக்ஞை போக, தூரத்தைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம் ஆகும். அதனால் நேரடியாக உட்கார்ந்து இயக்கவே முடியாது, எல்லாம் முன்கூட்டியே ஏற்றிவைக்க வேண்டும். பயிற்சியாளனாக நான் அதிக நேரம் செலவிட்டது நான்கு வாரத் திட்டத்தில்தான். மாப்ஸ் என்ற மென்பொருளில் நேரம் இடமிருந்து வலமாக ஓடும். கலம் நோக்கும் திசைக்கு ஒரு வரிசை, ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வரிசை, நினைவகத்துக்கும் மின்சாரத்துக்கும் வளைகோடுகள். கேமராவின் வரிசையில் ஒரு பட்டையை, அதாவது ஒரு நேரத் துண்டைக் கூடுதலாக வைத்தால் நினைவகக் கோடு மேலே ஏறும். அதைக் கீழே இறக்க பூமியைப் பார்க்கும் நேரம் வேண்டும், அதாவது இன்னொருவருடைய பட்டை போகும்.

மொத்த நினைவகம் 12 கிகாபிட்தான், இன்றைய கைபேசியில் ஒரு சினிமாவுக்கே பத்தாது. பூமி-செவ்வாய் தூரம் 5.6 கோடி கி.மீ. முதல் 40 கோடி கி.மீ. வரை மாறுவதால் தரவு இறங்கும் வேகமும் பல மடங்கு ஏறி இறங்கும். போதாததற்கு, சூரியத் தகடுகளின் வயரிங் கோளாறால் எதிர்பார்த்த மின்சாரத்தில் சுமார் 70 விழுக்காடுதான் கிடைக்கிறது. அது ஏவிய பிறகுதான் தெரிந்தது. கலத்தின் சில பக்கங்களில் வெயில் படவே கூடாது என்ற விதியும் உண்டு. 26 மாதத்துக்கு ஒரு முறை செவ்வாய் சூரியனுக்குப் பின்னால் போய்விடும், அப்போது சில வாரம் எல்லாருக்கும் கட்டாய ஓய்வு.

வெறும் அட்டவணை போடும் வேலைக்கா முதுகலைப் பட்டம் என்று தோன்றலாம். மார்சிஸ் கதையைக் கேளுங்கள். இடத்தை மிச்சப்படுத்த அந்த ராடார் தரவைக் கலத்திலேயே சராசரி எடுத்துச் சுருக்கிவிடும். தென்துருவப் பனிக்கடியில் பளிச்சென்று ஒரு எதிரொலி தெரியும், அடுத்த முறை போனால் காணாமல் போகும். சுருக்குவதுதான் விஷயத்தை விழுங்குகிறது என்று சந்தேகப்பட்டு, சுருக்காத தரவை அப்படியே எடுக்கும்படி இயக்கும் முறையையே மாற்றினார்கள். சுருக்காத தரவு என்றால் நினைவகம் மளமளவென்று நிரம்பும், ஆகவே ஒவ்வொரு முறையும் மிகச் சின்னப் பகுதிதான். 2012 முதல் 2015 வரை அப்படிச் சேர்த்த 29 பதிவுகளிலிருந்துதான், 1.5 கி.மீ. ஆழத்தில் சுமார் 20 கி.மீ. அகலத்துக்குத் திரவ நீர் இருக்கலாம் என்று 2018-இல் கட்டுரை வந்தது. நீர்தானா, களிமண்ணா என்று இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. ஆனால் எப்படி இயக்குவது, எவ்வளவு நேரம் கொடுப்பது என்ற முடிவுகள் மாறாமல் இருந்திருந்தால் சண்டை போடவே தரவு இருந்திருக்காது. என்னைக் கேட்டால் இந்த வேலை ஆராய்ச்சியின் பாதி. கட்டுரையில் பெயர் வராத பாதி.

அன்றாடம் கையில் இருப்பது பைத்தான், அப்புறம் ஸ்பைஸ். இது நாசாவின் நைஃப் குழு உருவாக்கிய வடிவியல் கணக்கு நூலகம், கலம் எங்கே, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, சூரியன் எந்தக் கோணத்தில் என்பதை எந்த நொடிக்கும் சொல்லும். அதைவிட முக்கியமானது மின்னஞ்சல். "உங்கள் நோக்கலை அடுத்த மாதத்துக்குத் தள்ளுகிறோம்" என்று முப்பது வருடம் இத்துறையில் இருக்கும் பேராசிரியருக்கு எழுதும்போது, காரணத்தை எண்ணோடு சொல்லிவிட வேண்டும். சுற்றி வளைத்து எழுதினால் பத்து பதில் வரும்.

தேர்வில் விளம்பரத்துக்கு ஏற்ற ஊக்கக் கடிதமும், பதிவு செய்யும் வீடியோ நேர்காணலும், குழு முன்னால் ஒரு நேர்காணலும் எனக்கு இருந்தன. முதுகலை முடிப்பவர்களுக்கும் சமீபத்தில் முடித்தவர்களுக்குமான பயிற்சி இது, கால அளவு ஒரு வருடத்தில் தொடங்கும். சம்பளமும் மருத்துவக் காப்பீடும் உண்டு. மையத்துக்குள் ஆங்கிலம் போதும். மாட்ரிட்டில் வீடு பார்க்கும் அன்றைக்குத்தான் ஸ்பானிய மொழியின் அருமை தெரியும்.

சரி, இந்தியக் குடிமக்களுக்கு என்ன வழி? மேசையின் மறுபக்கம். கருவிக் குழுக்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும்தான் இருக்கின்றன. மார்ஸ் எக்ஸ்பிரஸ் கேமராவுக்கு பெர்லின், ஆஸ்பெராவுக்கு சுவீடனின் கிருனா. முனைவர் பட்ட இடங்களுக்கு அங்கே பொதுவாகக் குடியுரிமை பார்ப்பதில்லை. 2023 ஏப்ரலில் கிளம்பிய முகமையின் ஜூஸ் கலம் 2031-இல்தான் வியாழனுக்குப் போய்ச் சேரும், ஆக அந்தக் குழுக்களில் திட்டமிடும் வேலை இப்போதுதான் சூடுபிடிக்கிறது. இந்தியாவுக்குள் என்றால் இஸ்ரோவும், அகமதாபாத்தில் உள்ள இயற்பியல் ஆய்வுக்கூடமும்.

எங்கே விண்ணப்பித்தாலும் ஸ்பைஸைக் கணினியில் இறக்கி, மார்ஸ் எக்ஸ்பிரஸ் கோப்புகளை ஏற்றி, ஏதாவது ஒரு மாதத்தில் பெரிசென்டர் எத்தனை முறை பகலில் விழுகிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள். எல்லாம் இலவசம். நைஃப் தளத்தில் பாடங்களும் இருக்கின்றன, பைத்தானில் ஸ்பைசிபை என்ற தொகுப்பை நிறுவினால் போதும்.