நட்சத்திரம் வந்தால்தான் சாப்பாடு

கே: ஜெர்மனியில் இருக்கும் என் தங்கை டிசம்பர் 24ஆம் தேதி சாயங்காலமே கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பிரித்துவிடுகிறாள். ஒரு ராத்திரி பொறுக்கக் கூடாதா? (கேத்தி)

ப: தங்கையைத் திட்டாதீர்கள், அந்த ஊர் வழக்கமே அதுதான். யூத மரபில் சூரியன் மறையும்போதே மறுநாள் பிறந்துவிடும். திருச்சபையும் பெருவிழாக்களுக்கு அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டது. 24 இருட்டினால் பண்டிகை வந்தாச்சு. டென்மார்க், சுவீடனிலும் அன்றிரவுதான் விசேஷம்.

எனக்குப் பிடித்தது போலந்து. வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிகிறவரை யாரும் சாப்பிட உட்காரக் கூடாது. பிள்ளைகள் ஜன்னலே கதியென்று நிற்பார்கள். (குன்னூர் மூடுபனியில் இந்தச் சட்டம் போட்டால் எல்லோரும் பட்டினிதான்.) மேசை விரிப்புக்கு அடியில் கொஞ்சம் வைக்கோல், மாட்டுத் தொழுவத்தின் நினைவாக. நம் மாதா கோயிலில் நற்கருணைக்குத் தரும் அப்பம் போன்ற மெல்லிய அப்பத்தை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் பிட்டு வாழ்த்திக்கொள்வார்கள். அப்புறம் 12 வகைப் பதார்த்தம், ஒன்றிலும் இறைச்சி கிடையாது. ஒரு தட்டு மட்டும் காலியாகவே இருக்கும், சொல்லாமல் கொள்ளாமல் வருகிறவருக்காக.

கே: மகன் ரஷ்யாவில் மருத்துவம் படிக்கிறான். அங்கே ஜனவரி 7தான் கிறிஸ்துமஸாமே? (கோத்தகிரி)

ப: ஆமாம். ரஷ்யத் திருச்சபை பழைய ஜூலியன் நாட்காட்டியை விடவில்லை. அது நம்முடையதைவிட 13 நாள் பின்தங்கி ஓடுகிறது. அவர்கள் கணக்கிலும் அன்று டிசம்பர் 25தான். உக்ரைன் 2023இல் நம் தேதிக்கு மாறிவிட்டது.

கே: ஜப்பானில் கிறிஸ்துமஸுக்குப் பொரித்த கோழியா? (ஊட்டி)

ப: நிஜம். 1974இல் கேஎஃப்சி செய்த விளம்பரம் பிடித்துக்கொண்டது. இத்தனைக்கும் அங்கே அன்று அரசு விடுமுறைகூட இல்லை.

கே: வாசலில் நிற்கும் பாயின்செட்டியா ஒரு பக்கம் சிவந்திருக்கிறது, மறுபக்கம் பச்சை. நோயா? (குன்னூர்)

ப: பச்சைப் பக்கம் தெருவிளக்கு இருக்கிறதா, பாருங்கள். சிவப்பாக இருப்பது பூவல்ல, இலை. நிஜப் பூ நடுவில் மஞ்சளாக, மிளகு மிளகாக இருக்கும். அந்த இலை சிவக்க, நீண்ட இருட்டு பல வாரம் தடைபடாமல் வேண்டும். விளக்கு வெளிச்சம் பட்டால் செடி ஏமாந்துபோகும். செடியின் சொந்த ஊர் மெக்சிகோ. அங்கே அதற்கு ‘நோச்சே புவெனா’ என்றே பெயர், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு.

என் செடியும் இப்படித்தான் அடம்பிடித்தது. அக்டோபரிலிருந்து தினம் சாயங்காலம் சாக்கைப் போர்த்தி, காலையில் எடுத்தேன். டிசம்பரில் சிவந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்காதான் ஒரு நாள் கேட்டார், “செடிக்குமா குளிருது?”